ஐந்தரைப் பவுன்

உடைந்த டிஸ்பிளேக்குப் பதினோராயிரம் என்றேன்.
கையில் இல்லை அண்ணை, இதைப் பிணையாய் வைத்திருங்கோ என்று
ஐஸ்கிறீம் பெட்டியொன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனான் சாருஜன்.
மூடியில் ஊசித் துளைகள்.
உள்ளே, புள்ளி புள்ளியாய்,
ஒரு சிறுத்தைப் பல்லி.

திருத்திய போனை எடுக்க அவன் வரவில்லை.
பெலாரஸ் பக்கமாம். ஏஜென்சிக்காரன் சொன்னது.
ஞாயிறு தோறும் அந்தப் போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைக்கிறேன்,
அணைந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதில்லை, கடை வழக்கம்.
பல்லியில் வயர் செருக
ஒரு துவாரமும் இல்லை.

மல்லாவிச் சுவர்களில் ஓடுகிற பல்லிகளுக்குக் கண் மூடத் தெரியாது.
இதற்கு இமை உண்டு.
கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற முதலாளி மாதிரி
மெல்ல மூடித் திறக்கும்.
ஆவணி, புரட்டாதி முழுக்க நன்றாய்த் தின்றது.
ரியூப்லைட்டின் கீழ் நான் பிடித்த சில்வண்டுகளை
வால் நுனி ஆட்டிப் பதுங்கி
ஒரே கவ்வு.

கார்த்திகையில் மழை பிடித்தது.
வவுனிக்குளம் வான் பாய்ந்த அன்று
வாயை மூடியது.

மிருக வைத்தியர் போனில் சிரித்தார்:
மாடு எண்டால் சொல்லும், ஆடு எண்டால் சொல்லும்.
லோஜினி சோற்றுக் கோப்பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:
கஞ்சிக்கு வரிசையில் நிண்ட ஆக்கள் நாங்கள்,
இதுக்கு எவ்வளவு கொழுப்பு.
சொன்னவளே பின்னேரம்
ஈரப் பற்றைக்குள் குனிந்து குனிந்து
ஆறு சில்வண்டு கொண்டு வந்தாள், ஹோர்லிக்ஸ் போத்தலில்.
அதுகளையும் அது பார்க்கவில்லை.
வெளிச் சுவரில் ஊர்ப் பல்லிகள்
ஈசல் தின்று தின்று வெடிக்கிற மாதிரி இருந்தன.

கிராம் பிசகாத தராசு இங்கே ஒன்றுதான்,
தெய்வேந்திரத்தாரின் அடகுக்கடையில்.
முதல் நாள் நிறுத்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில், ஐந்தரைப் பவுன் என்றார்.
இரண்டு கிழமை கழித்து:
நாலே முக்கால்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
சேதாரம் கூடத்தான் தம்பி.

வாலில்தான் அதன் அரிசி மூட்டை.
தொட்டுப் பார்த்தேன், எலும்பு தட்டுப்பட்டது.
வயிறு சுடாவிட்டால் அதற்குச் செமிக்காது,
செமிக்காதென்று தெரிந்தால் தின்னவும் தின்னாது.
கண்ணாடி கழற்றுகிற சூட்டுத் தட்டு கடையில் இருக்கிறது.
எண்பதில் பசை விடும்.
முப்பத்திரண்டுக்கு இறக்கி, மேலே உடைந்த ஓடொன்றைக் கவிழ்த்து
பல்லியை விட்டேன்.
தட்டுக்கு ஆள் வந்துவிட்டதால்
நாலு டிஸ்பிளே வேலை நிற்கிறது.
எப்ப அண்ணை தருவியள் என்று கேட்கிறவர்களுக்குச்
சாமான் கொழும்பிலிருந்து வரவேணும் என்று பொய் சொல்கிறேன்.
கரண்ட் போகிற இரவுகளில்
சுடுதண்ணிப் போத்தல், பழைய துவாய்.

இருபத்து மூன்றாம் நாள்
சாம்பல் பூசினது போல வெளிறிக் கிடந்தது.
முடிந்தது என்று நினைத்து
ஷட்டரைப் பாதியில் விட்டபடி நின்றேன்.
அது மூக்கை ஓட்டில் உரசியது.
நுனியில் தோல் பிளந்தது.
பிறகு கையுறை கழற்றுகிற மாதிரி, விரல் விரலாய்,
இழுத்து இழுத்து
கழன்றதையெல்லாம் தின்றது,
கண்ணை மூடிக்கொண்டு,
தன்னையே.

திருத்தக் கொப்பியில் எழுதினேன்:
சாருஜன். டிஸ்பிளே. பாக்கி பதினோராயிரம்.
பிணைப்பொருள் முப்பத்தெட்டுக் கிராம்.
இன்று சாப்பிட்டது, தோல்.

சில்வண்டை உள்ளே விட்டு வைத்தால் அதுவே பல்லியைக் கடிக்குமாம்.
எடுக்கும்போது ஒன்று தப்பி
செத்த மதர்போட்டுகள் போட்டு வைத்த பெட்டிக்குள் போய்விட்டது.
இரவு அங்கிருந்து கத்துகிறது.
புதுத் தோலோடு இது
ஓட்டுக்கு வெளியே தலையை நீட்டி
அந்தப் பக்கம் திரும்புகிறது.
வால் நுனி
ஆடியது போலத்தான் இருந்தது,
அதற்குள் கரண்ட் போய்விட்டது.

கேத்திலைத் தடவி எடுத்துக்கொண்டு
அடுப்படிக்குப் போனேன்.